பதினைந்து மாத ராஜாங்கம்

சின்னக் காஞ்சீபுரத்தில் நடுத் தெருவில் நின்றுகொண்டு, "வரதா!" என்று உரக்கக் கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவாவது திறக்கும். வரதன், வரதராஜன், வரதாச்சாரி, வரதப்பன், வரதம்மாள் என்று அந்த ஒரு நாமத்தையே தலைமுறை தலைமுறையாகப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கிற ஊர் நம்முடையது. ஆகவே, சென்ற தை மாதத்தில் நம்முடைய பதினோராம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் பழுப்பேறிய தினசரித் தாள் ஒன்றை மேஜைமீது விரித்து, "ஸார், நம்ம ஊர்ப் பெருமாள் இலங்கைக்குப் போய் முதல் மந்திரி ஆனாரா?" என்று கேட்டபோது வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. உண்மையைச் சொன்னால் என்ன? நாமும் சிரித்தோம்.

அவனுடைய பாட்டியின் தகரப் பெட்டியில், கல்யாணக் கூறைப் புடவைக்கு அடியில் விரித்திருந்த தாள் அது. பாதியைப் பூச்சி அரித்திருந்தது. எஞ்சிய பாதியில், திருகோணமலையில் வரதராஜப் பெருமாள் முதல் மந்திரியாகப் பதவி ஏற்றார் என்ற செய்தி மட்டும் பத்திரமாக இருந்தது. 1988-ம் வருஷம் டிசம்பர் மாதத்துப் பத்திரிகை.

சிரிப்பு அடங்கியதும் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டோம். "அவர் இலங்கைத் தமிழர். ஆயுதம் ஏந்திய ஓர் இயக்கத்தைச் சேர்ந்தவர், கொஞ்ச காலம் முதல் மந்திரியாக இருந்தார்." பையன் விடுகிறவனாக இல்லை. "துப்பாக்கி எடுத்தவரு எப்படி ஸார் மந்திரி ஆனாரு? அப்புறம் என்ன ஆனாரு?" என்றான். அந்தச் சமயம் பார்த்து மணி அடித்தது. உபாத்தியாயர்களுக்கு மணியைப்போன்ற ஆபத்பாந்தவன் வேறு கிடையாது. ஆனால் கேள்வி மணியோடு நிற்கவில்லை. நம்மைப் பின்தொடர்ந்து வீடு வரையில் வந்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

நம் வரதர் பெயர் இந்தக் கதையில் இதற்கு முன்பே ஒரு தடவை வருகிறது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பொன்னாலை என்னும் கிராமத்திலும் வரதராஜப் பெருமாளுக்கு ஒரு பழைய கோயில் உண்டு. 1975-ம் வருஷம் ஜூலை 27-ந் தேதி யாழ்ப்பாண நகரத்து மேயர் ஆல்பிரட் துரையப்பா அந்தக் கோயிலுக்குத் தரிசனத்துக்காக மோட்டாரில் வந்து இறங்கினார். காத்திருந்த சில வாலிபர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்த வேலுப்பிள்ளை பிரபாகரனுக்கு அப்போது இருபது வயது. மாண்டவரும் தமிழர், கொன்றவர்களும் தமிழர். பின்னால் முப்பது வருஷத்துக்கு மேல் நடக்கப்போகிற ஒரு காரியத்தின் முதல் பக்கம் ஒரு பெருமாள் கோயில் வாசலில் எழுதப்பட்டது.

வாலிபர்களுக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வருஷமே தேயிலைத் தோட்டங்களில் பாடுபட்ட லட்சக்கணக்கான தமிழர்களுடைய பிரஜா உரிமை பறிபோயிற்று. 1956-ல் சிங்களம் ஒன்றே அரசாங்க பாஷை என்று சட்டம் வந்தது. அடுத்த வருஷம் பிரதம மந்திரி பண்டாரநாயக்காவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிக்ஷுக்களின் எதிர்ப்புக்கு அஞ்சி அடுத்த வருஷமே பிரதமர் அதைக் கைவிட்டார், கலகமும் நடந்தது. இவற்றையெல்லாம்விட உபாத்தியாயராகிய நமக்கு உறைப்பது ஒன்று உண்டு. 1970-க்குப் பிறகு சர்வகலாசாலைப் பிரவேசத்தில் 'தரப்படுத்தல்' என்று ஓர் ஏற்பாடு வந்தது. ஒரே பரீட்சையைத் தமிழில் எழுதிய பையன், சிங்களத்தில் எழுதிய பையனைவிட அதிக மார்க்கு வாங்கினால்தான் இடம். யாழ்ப்பாணத்தார் படிப்பையே சொத்தாகக் கொண்டவர்கள். அந்தச் சொத்தின்மேல் கை வைத்தால் பையன்கள் என்ன செய்வார்கள்? சிலர் லண்டனுக்குப் போனார்கள். சிலர் காட்டுக்குப் போனார்கள்.

1983-ம் வருஷம் ஜூலை மாதம் யாழ்ப்பாணத்தில் பதின்மூன்று சிப்பாய்கள் கொல்லப்பட்டதை அடுத்துக் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகளை மற்றக் கைதிகள் அடித்துக் கொன்றார்கள். தமிழ்நாடு கொதித்தது. ராமேசுவரத்தில் தோணி தோணியாக அகதிகள் வந்து இறங்கினார்கள். அகதிகளோடு வாலிபர்களும் வந்தார்கள். இந்திய சர்க்காரே அவர்களுக்கு ரகசியமாக ஆயுதப் பயிற்சி அளித்தது. ரகசியம் என்று பெயரே தவிர, டீக்கடையில் பேசாதவர் யார்?

பிள்ளையார்பாளையத்தில் நமக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியவர். குழித்தறியிலேயே காலம் கழித்தவர். அந்தக் காலத்தைப் பற்றி அவரிடம் கேட்டோம்.

"வாத்தியாரே, சாயந்தரத்துல பசங்க உண்டியல் எடுத்துக்கிட்டு வருவாங்க. சவம் எரியற படம், வீடு எரியற படம் எல்லாம் காட்டுவாங்க. பாத்தா வயிறு எரியும். கூலி வாங்கின கையோட அஞ்சு, பத்துன்னு போட்டிருக்கேன்."

"எந்த இயக்கத்துக்குப் போட்டீர்கள்?"

"அதை யாரு கேட்டா? எல்லாம் நம்ம பசங்கதானே?"

'எல்லாம் நம்ம பசங்கதானே' என்றுதான் தமிழ்நாடு முழுவதும் நினைத்தது. பசங்கள் அப்படி நினைக்கவில்லை. விடுதலைப் புலிகள், டெலோ, ப்ளாட், ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எப். என்று பெரிய இயக்கங்கள் மாத்திரம் ஐந்து இருந்தன. சின்னவை எத்தனையோ! இங்கிலீஷ் அரிச்சுவடியே போதாது போலிருந்தது. 1982-லேயே சென்னைப் பாண்டி பஜாரில் பிரபாகரனும் ப்ளாட் தலைவர் உமா மகேசுவரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அதை அப்போதே யாராவது உற்றுக் கவனித்திருக்கலாம்.

பெட்டிக்குள் இருந்த தாளில் அகப்பட்ட வரதராஜப் பெருமாள் இவற்றில் ஐந்தாவதான ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார சாஸ்திரம் போதித்தவர். முன்னணியின் தலைவர் பத்மநாபா. ஈரோஸிலிருந்து பிரிந்து 1980-ஐ ஒட்டி இந்த இயக்கத்தைக் கட்டியவர்கள் படித்த, பொதுவுடைமைக் கொள்கையில் பற்றுள்ள வாலிபர்கள். தமிழருக்குள்ளேயே ஜாதியால் தாழ்த்தப்பட்டவர்கள், தோட்டத் தொழிலாளர்கள், கிழக்குப் பகுதிக் குடியானவர்கள் ஆகியோரைச் சேர்க்காமல் விடுதலை என்ன விடுதலை என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஜனங்களிடம் பேசுவதில் கெட்டிக்காரர்கள், யுத்தம் செய்வதில் அவ்வளவு கெட்டிக்காரர்கள் அல்ல என்று அவர்களைப் பற்றி அந்நாளில் சொல்வார்கள். ஆனால் துப்பாக்கி கையில் வந்த பிறகு யாரும் வாயால் மட்டும் பேசுவதில்லை. 1984-ல் யாழ்ப்பாணத்தில் வேலையாக இருந்த அமெரிக்கத் தம்பதி ஒருவரைக் கடத்தினார்கள். இந்திராகாந்தியும் எம்.ஜி.ஆரும் வேண்டிக்கொண்டதன் பேரில் விடுவித்தார்கள். 1986-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி, தீபாவளியன்று, சென்னைச் சூளைமேட்டில் உள்ளூர்க்காரர்களுடன் ஏற்பட்ட ஒரு சச்சரவில் இந்த இயக்கத்தாருடைய துப்பாக்கிக்கு நம்மவர் ஒருவர் பலியானார். அடுத்த வாரமே தமிழ்நாட்டுப் போலீஸார் எல்லா இயக்கங்களின் ஆயுதங்களையும் பறிமுதல் செய்தார்கள். அந்தத் தீபாவளிக்குப் பிறகு உண்டியலில் காசு விழுவது குறைந்துவிட்டது என்றார் நம் பிள்ளையார்பாளையத்துப் பெரியவர்.

அதற்குள் அக்கரையில் நடந்ததோ இதைவிடக் கொடுமை. 1986-ம் வருஷம் ஏப்ரல் கடைசியில் புலிகள் டெலோ இயக்கத்தின்மீது பாய்ந்தார்கள். சில நாட்களில் அதன் தலைவர் சிறீ சபாரத்தினமும் எத்தனையோ வாலிபர்களும் மாண்டார்கள். டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எப்.பின் முறை வந்தது. சிறைப்பட்டவர்களில் பலரை நல்லூருக்கு அருகில் ஒரு வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். 1987-ம் வருஷம் மார்ச் 30-ந் தேதி யாரோ புலிகளின் தளபதி கிட்டுவின்மீது குண்டு வீசவே, அந்த ஆத்திரத்தில் கைதிகளைக் கும்பலாகச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வீட்டுக்குப் பெயர் 'கந்தன் கருணை'.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து வருவது விளங்கும். 1987 ஜூலை 29-ந் தேதி ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாகும், அதற்கு ஒரு சபை உண்டாகும், இந்தியத் துருப்புக்கள் அமைதி காக்கும் என்பது ஏற்பாடு. அக்டோபர் 10-ந் தேதி அமைதி காக்கப் போன துருப்புக்களுக்கும் புலிகளுக்கும் யுத்தம் மூண்டது. அவ்வருஷத்துத் தீபாவளி அக்டோபர் 21. அன்று யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் இந்தியச் சிப்பாய்கள் புகுந்து சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் தாதிமார்களும் அறுபதுக்கு மேல் இறந்தார்கள் என்பது அங்குள்ளோர் கணக்கு. இந்தியப் பத்திரிகை வாசிப்பவர்களாகிய நாம் இதைச் சாவதானமாக ஒரு முறை படித்துக்கொள்வது நல்லது. நம் பக்கத்திலும் ஏறத்தாழ 1,200 சிப்பாய்கள் அந்தத் தீவிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

புலிகளால் வேட்டையாடப்பட்ட ஈ.பி.ஆர்.எல்.எப். வாலிபர்கள் இந்திய ராணுவத்தோடு ஊர் திரும்பினார்கள். பழைய ஆத்திரமும் கூடவே திரும்பியது. வேறு வழியும் அவர்களுக்கு இருக்கவில்லை. புலிகளை ஆதரிப்பவர் என்று யாரையெல்லாம் நினைத்தார்களோ அவர்களெல்லாரும் பயந்து நடக்கவேண்டியதாயிற்று.

1988 நவம்பர் 19-ந் தேதி மாகாண சபைத் தேர்தல் நடந்தது. புலிகள் பகிஷ்கரித்தார்கள். மிதவாதிகளான கூட்டணியும் ஒதுங்கி நின்றது. சபையில் 71 ஸ்தானங்கள். வடபகுதியின் 36 ஸ்தானங்களுக்குப் போட்டியே இல்லை. ஈ.பி.ஆர்.எல்.எப்.பும் அதன் துணையான இன்னொரு கட்சியும் 24, 12 என்று பகிர்ந்துகொண்டன. கிழக்கில் மாத்திரம் ஜனங்கள் வாக்களித்தார்கள். அங்கே ஈ.பி.ஆர்.எல்.எப்.புக்கு 17, முஸ்லிம் காங்கிரசுக்கு 17, கொழும்பில் ஆண்ட கட்சிக்கு ஒன்று. ஆக மொத்தம் 41 ஸ்தானங்களுடன், டிசம்பர் 10-ந் தேதி, வரதராஜப் பெருமாள் முதல் மந்திரியானார்.

அந்தச் செய்திதான் கூறைப் புடவைக்கு அடியில் கிடந்தது.

திருகோணமலையில் காரியாலயம் இருந்தது. மேஜை நாற்காலி இருந்தது. சுற்றிலும் இந்தியச் சிப்பாய்களின் காவலும் இருந்தது. அதிகாரம் மாத்திரம் இல்லை. நிலம், போலீஸ், வரி எல்லாம் காகிதத்தில் மாகாணத்துக்கு என்று எழுதியிருந்ததே தவிர, கொழும்பு சர்க்கார் அவற்றை விட்டுக்கொடுப்பதில் யாதொரு அவசரமும் காட்டவில்லை. உத்தியோகஸ்தர்கள் கொழும்பைப் பார்த்தார்கள், ஜனங்கள் காட்டைப் பார்த்தார்கள், மந்திரிகள் டில்லியைப் பார்த்தார்கள். 1989 ஆரம்பத்தில் ஜனாதிபதியான பிரேமதாசா, தெற்கே சிங்கள வாலிபர்களின் ஜே.வி.பி. கலகத்தில் மூழ்கியிருந்தார். இந்திய ராணுவம் இலங்கையில் இருக்கும்வரை அந்தக் கலகம் அடங்காது என்று கணக்குப் போட்டார். இந்தியா வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார். புலிகளோடு பேச்சு நடத்தினார். அதோடு நில்லாமல் அவர்களுக்கு ஆயுதமும் கொடுத்தார். தமிழ் மாகாணத்துத் தமிழ் மந்திரிசபையைக் கவிழ்க்கச் சிங்கள ஜனாதிபதியும் தமிழ்ப் புலிகளும் கைகோத்தார்கள். இந்த இடத்தில் வகுப்பில் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறோம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் பள்ளிக்கூடத்தார் கவனிக்கவேண்டிய விஷயம். இந்திய ராணுவம் போய்விடும் என்று நிச்சயமானதும், தன்னைக் காத்துக்கொள்ள மாகாண சர்க்காருக்கு ஒரு படை அவசரமாக வேண்டியிருந்தது. தொண்டர் படை என்று ஒன்று, தமிழ்த் தேசிய ராணுவம் என்று ஒன்று புறப்பட்டன. தொண்டர் என்றால் தாமாக வருகிறவர் என்பது நாம் அறிந்த அர்த்தம். 1989-ன் நடுவில் வடக்கிலும் கிழக்கிலும் அதற்கு வேறு அர்த்தம் உண்டாயிற்று. பஸ்ஸை மறித்து வாலிபர்களை இறக்கினார்கள். டியூஷன் வகுப்பு வாசலில் காத்திருந்து பிடித்தார்கள். கடைக்குப் போன பையன் வீடு திரும்பவில்லை. தாய்மார்கள் முகாம் வாசல்களில் நின்று அழுதார்கள். பிள்ளைகளைத் தோணியேற்றி இந்தியாவுக்கும், கொழும்புக்கும், எங்கே முடியுமோ அங்கேயும் அனுப்பினார்கள். பிடிபட்டவர்களில் பள்ளி மாணாக்கர் ஏராளம். சில வாரங்கள் பயிற்சி, ஒரு துப்பாக்கி, ஒரு காவல் நிலையம். அவ்வளவுதான்.

தாழ்த்தப்பட்டவனையும் தோட்டத் தொழிலாளியையும் விடுவிக்கப் புறப்பட்டவர்கள் அவனுடைய பிள்ளையையே பஸ்ஸிலிருந்து இழுத்துப் போனார்கள். அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள் பலர். ஆயுதம் கொடுத்த நம் சர்க்கார், வேட்டையாடிய புலிகள், ஏமாற்றிய கொழும்பு என்று யார் யாரையோ குற்றஞ்சாட்டலாம். சாட்டத்தான் வேண்டும். ஆனால் நம்முடைய அபிப்பிராயத்தைக் கேட்டால், டியூஷன் வாசலில் பையனைப் பிடித்த அன்றைக்கே அந்தச் சர்க்கார் போய்விட்டது. பிறகு நடந்தது வெறும் நாளெண்ணல்தான். இதே காரியத்தைப் பிற்காலத்தில் புலிகள் இன்னும் பெரிய அளவில், இன்னும் சிறிய குழந்தைகளைக் கொண்டு செய்தார்கள். அதற்கும் இதே அபிப்பிராயந்தான்.

இதையெல்லாம் அப்போதே எழுதி வைத்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். பெயர் ரஜனி திராணகம. வைத்தியக் கல்லூரியில் உடற்கூற்று சாஸ்திரம் போதித்த அம்மையார், இரண்டு பெண் குழந்தைகளின் தாய். முன்னொரு காலத்தில் புலிகளுக்கு அனுதாபியாக இருந்து, பின்பு கண் திறந்தவர். இந்திய ராணுவம், புலிகள், ஈ.பி.ஆர்.எல்.எப். ஆகிய யார் செய்த அட்டூழியமானாலும் அதைச் சக ஆசிரியர்களுடன் சேர்ந்து விசாரித்து எழுதினார். 'முறிந்த பனை' என்னும் புத்தகம் அவர்களுடைய கூட்டு முயற்சி. 1989 செப்டம்பர் 21-ந் தேதி மாலை, பரீட்சை வேலையை முடித்துச் சைக்கிளில் வீடு திரும்புகையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். செய்தது புலிகளே என்று அவருடைய தோழர்கள் சொன்னார்கள். வயது முப்பத்தைந்து. படித்தவர்கள் எல்லாரும் வாய்மூடி இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் இந்த அம்மையாரை நினைத்துக்கொள்ளலாம்.

அவ்வருஷம் ஐப்பசி வாக்கில் இந்தியத் துருப்புக்கள் கிழக்கே அம்பாறைப் பக்கத்திலிருந்து வெளியேறத் தொடங்கின. துருப்புக்கள் ஓரிடத்தைவிட்டு அகன்றதும் புலிகள் அவ்விடத்தில் புகுந்தார்கள். சில வாரப் பயிற்சி பெற்ற பையன்கள் எத்தனை நேரம் நிற்பார்கள்? ஓடினார்கள், சரணடைந்தார்கள், பலர் சரணடைந்த பிறகும் பிழைக்கவில்லை. அந்நிய ராணுவத்தின் நிழலில் வளர்ந்த படைக்கு இது எங்கும் நேர்வதுதான். 2000-ம் வருஷத்தில் இஸ்ரேல் தெற்கு லெபனானைவிட்டு வெளியேறியபோது அது வளர்த்த உள்ளூர்ப் படை இரண்டொரு நாளில் கரைந்து போயிற்று. லெபனான்காரர்களுக்காவது எல்லைக்கு அப்பால் ஓட வழி இருந்தது.

1990 மார்ச் 1-ந் தேதி வரதராஜப் பெருமாள் மாகாண சபையில் எழுந்து, கொழும்பு தன் நிபந்தனைகளை ஏற்காவிட்டால் ஈழம் தனிக் குடியரசு என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பதினைந்து மாதமாக எந்தச் சட்டத்துக்குள் நின்று ஆளப் பார்த்தாரோ அந்தச் சட்டத்தின் கூரையையே பிரித்துவிட்டு வெளியேறினார். புலிகள் கேலி செய்தார்கள். கொழும்பு சபையைக் கலைக்க அதுவே சாக்காயிற்று. சில நாட்களுக்குள் முதல் மந்திரி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். அப்புறம் பல வருஷம் வட இந்தியாவில் போலீஸ் காவலோடு வாழ்ந்தார். மார்ச் 24-ந் தேதி கடைசி இந்தியச் சிப்பாயும் திருகோணமலையில் கப்பல் ஏறினார். சென்னையில் அவர்களை வரவேற்க முதல் மந்திரி கருணாநிதி போகவில்லை. ஜூன் மாதத்தில், ஆயுதம் கொடுத்த பிரேமதாசாவுக்கும் ஆயுதம் வாங்கிய புலிகளுக்கும் யுத்தம் வந்துவிட்டது. 1993 மே தினத்தன்று பிரேமதாசா குண்டுக்கு இரையானார்.

இயக்கத் தலைவர் பத்மநாபா சென்னைக்கு வந்திருந்தார். 1990 ஜூன் 19-ந் தேதி மாலை கோடம்பாக்கத்தில் அவர் தங்கியிருந்த அடுக்குமாடி வீட்டுக்குள் சிலர் புகுந்து சுட்டார்கள். அவரும் சகாக்கள் பத்துப் பேருக்கு மேலும் அங்கேயே விழுந்தார்கள். மாகாணத்தின் நிதி மந்திரியாக இருந்தவரும் அவர்களில் ஒருவர். கொலையாளிகள் மோட்டாரில் நம் மாகாணத்தின் நெடுகிலும் பிரயாணம் செய்து, கடற்கரையை அடைந்து, தோணி ஏறிப் போய்விட்டார்கள். தடுப்பார் இல்லை. அக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவன் ஒற்றைக்கண் சிவராசன். தமிழ்நாட்டில் எதையும் செய்துவிட்டுத் தப்பிப் போகலாம் என்ற தைரியம் அன்றைக்கு அவனுக்கு உண்டாயிற்று. பதினோரு மாதம் கழித்து அவன் நம் ஊர்ப் பக்கமே வந்தான்.

ஸ்ரீபெரும்பூதூர் காஞ்சீபுரத்துக்கு அந்நிய ஊரா? ராமாநுஜர் அங்கே பிறந்து, இங்கே வந்து, சாலைக் கிணற்றிலிருந்து வரதருக்குத் தீர்த்தம் சுமந்தார் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரம். 1991 மே 21-ந் தேதி இரவு பத்தே கால் மணிக்குச் சற்றுப் பின்னால் அங்கே தேர்தல் கூட்டத்தில் தணு என்ற பெண் ராஜீவ் காந்தியின் காலைத் தொடுவதுபோல் குனிந்தாள். போலீஸ்காரர்களும் கட்சிக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுமாகப் பத்துப் பேருக்கு மேல் அவருடன் மாண்டார்கள். இறந்தவர்களில் ஹரிபாபு என்ற இளம் புகைப்படக்காரனும் உண்டு. கொலைகாரர்கள் படமெடுக்க அழைத்து வந்தவன். அவனுடைய காமிரா மாத்திரம் சேதமின்றிக் கிடந்தது. அதிலிருந்த படங்கள்தான் துப்புத் துலக்கின.

அப்போது நமக்குப் பத்து வயது. மறுநாள் காலை எழுந்ததும் நமக்கு முதலில் வித்தியாசமாகப் பட்டது சப்தம் இல்லாததுதான். எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே தறிகள் தொடங்கிவிடும். அன்று ஒரு தறியும் ஓடவில்லை. கடை இல்லை, பஸ் இல்லை. தகப்பனார் எங்களை வாசற்படி தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உண்டியலில் காசு போட்ட தெரு அது. பிறகு வெகு நாள் அந்தத் தெருவில் யாரும் இலங்கையைப் பற்றிப் பேசவே இல்லை.

புலிகள் தரப்பில் 2002-ல் அதை 'துன்பியல் சம்பவம்' என்றார்கள். துன்பியல் என்பது நாடகத்தைப் பற்றிப் பாடம் சொல்லும்போது நாங்கள் உபயோகிக்கிற வார்த்தை. நாடகத்தில் திரை விழுந்ததும் மாண்டவர்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

வழக்கு நீண்டது. 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு நால்வருக்கு மரண தண்டனையை உறுதி செய்தது. அவர்களில் நளினிக்கு மறு வருஷமே தண்டனை குறைந்தது. மற்ற மூவரை 2011 செப்டம்பரில் தூக்கிலிட நாள் குறித்தபோது, ஆகஸ்டு 28-ந் தேதி நம் காஞ்சீபுரத்தில், தாலுகா கச்சேரி வாசலில், செங்கொடி என்ற இளம் பெண் அதை எதிர்த்துத் தீக்குளித்து உயிர் நீத்தாள். பிறர் உயிரைக் காக்க நினைத்த அந்தப் பெண்ணின் மனத்தை மதிக்கிறோம். அவளைப்போன்ற ஒரு பெண் உயிரோடிருந்து வாதாடியிருக்க வேண்டும் என்றும் நினைக்கிறோம். இரண்டு நாள் கழித்து ஹைகோர்ட்டு தண்டனையை நிறுத்தி வைத்தது. 2014-ல் மரண தண்டனை நீங்கியது. 2022-ல் எல்லாரும் விடுதலையானார்கள்.

புலிகளின் கதை 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. கடைசி மாதங்களில் இறந்த பொதுஜனங்கள் நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 2011-ல் எழுதியது. வடக்கும் கிழக்கும் இணைந்த மாகாணம் 2006-ல் இலங்கை சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பால் இரண்டாகப் பிரிந்தது. 2013-ல் வட மாகாணத்துக்குத் தேர்தல் வந்தபோது ஜனங்கள் திரளாகச் சென்று வாக்களித்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது 1987-ல் உண்டான அதே சட்டத்தின் கீழ் ஒரு சபையை. நிலமும் போலீஸும் அப்போதும் கைக்கு வரவில்லை.

இவ்வளவையும் இரண்டு பீரியட் எடுத்துக்கொண்டு வகுப்பில் சொன்னோம். தாளைக் கொண்டுவந்த பையன் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று கேட்பான் என எதிர்பார்த்து ஏதோ ஒரு பதிலைத் தயார் செய்தும் வைத்திருந்தோம். அவன் அதைக் கேட்கவில்லை.

"பஸ்ஸுலேருந்து இறக்கிட்டுப் போனாங்களே, அந்தப் பசங்களுக்கு என்ன வயசு ஸார்?"

"உன் வயதுதான். உன்னைவிடச் சின்னவர்களும் உண்டு."

"அவங்க பேரெல்லாம் எங்கேயாவது எழுதி வெச்சிருக்காங்களா?"

"சில பேருடையது இருக்கும். எல்லாருடையதும் இராது."

சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு மேஜையண்டை வந்து, அந்தத் தாளைப் பழைய மடிப்பு கலையாமல் மடித்தான். பாட்டி பெட்டியில் திரும்ப வைக்கச் சொல்லியிருக்கிறாளாம். புடவையின் ஜரிகை கறுக்காமல் இருக்க அடியில் காகிதம் வேண்டுமாம்.